கோமதி அருவிக்குப் போன நாள்

கோமதியின் மூக்குக்கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவளுடைய செல்போன், வீட்டுச் சாவி, மாற்றுச் சேலை எல்லாம் என் தோளில் தொங்கிய பையில். அவள் கழற்றிப் போட்ட செருப்புகூட என் காலடியில்தான் கிடந்தது. அவள் மட்டும் இல்லை.

குற்றாலம் பேரருவி கண் முன்னால் நிறம் மாறிக்கொண்டிருந்தது. சற்று முன்வரை வெள்ளையாக விழுந்த தண்ணீர் டீயைப் போலப் பழுப்பாகி, பிறகு செம்மண் கரைசலாக விழுந்தது. அதோடு இலைகளும் குச்சிகளும் வந்தன. போலீஸ்காரர்கள் கையை வீசி எல்லோரையும் மேலே விரட்டினார்கள். ஈரத் துணியோடு ஆண்களும் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கோமதி வரவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம் மில் மூடிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராயகிரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். என் சொந்த ஊர்க்காரர். “இத்தனை வாரமா மெஷினப் பத்தியே எழுதுதீரே, வீட்டம்மாவப் பத்தி ஒரு வரி கிடையாதே” என்றார். யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. அதனால் இந்த வாரம் கோமதி. எங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத வந்தது இந்த அருவிக்கரை. நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

தலையைக் கொடுக்க ஒரு நாள்

கோமதி இலஞ்சிக்காரி. குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் கூப்பிடு தூரம். ஆனால் அருவிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் அருவிக்குப் போவது குறைவு. விருந்தாளி வந்தால் கூட்டிப்போவோம். அவர்கள் குளிப்பார்கள், நாம் துணிக்குக் காவல் நிற்போம்.

அன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அருவில தலையக் குடுத்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? கல்யாணத்துக்கு முந்தி குளிச்சது.”

“சீசன் கூட்டம் இருக்கும்லா?”

“வேல நாள்ல எங்க கூட்டம்? வாரியளா, நான் மட்டும் போகட்டுமா?”

அவளுக்கு எழுபதை எட்டப் போகிறது. முட்டு வலி. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. வழுக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். “பிடிச்சுக்கிடக் கம்பி போட்டிருக்கான்” என்று முடித்துவிட்டாள்.

டவுன் பஸ்ஸில் போனோம். சாரல் முகத்தில் பொடிப்பொடியாக விழுந்தது. மலை உச்சி தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. அது சீசனில் எப்போதும் உள்ளதுதான், நான் பெரிதாக நினைக்கவில்லை.

நான் குளிக்கவில்லை. மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் இழுப்பு வந்துவிடும். பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குப் போகிற வழியில், கைப்பிடிக் கம்பி ஓரமாக என்னை நிறுத்தினாள். நீலக் கட்டம் போட்ட துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இங்கனயே நில்லுங்க. அங்கயும் இங்கயும் போயி என்னத் தேட விடாதிய.”

இதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மில் காது

ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் காது சரியாகக் கேட்காது. நூற்பு மில்லில் நூல் முறுக்கும் மெஷின்களுக்கு நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். அந்தச் சத்தம் வேலையை விட்டு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் மாலா காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சாரலில் நனைந்தால் கெட்டுப்போகும் என்று அன்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

மில்லுக்குள் யாரும் வாயால் பேச முடியாது. உதட்டைப் பார்ப்போம், மீதியைக் கையால் பேசுவோம். தண்ணீர் குடிக்கப் போகிறேன், மேஸ்திரி வருகிறார், நூல் அறுந்துவிட்டது, ஷிப்டு முடிந்து போய்விட்டான், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. ராயகிரியில் வயலும் ஆடுமாகத் திரிந்த நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த ஆட்கள் எல்லாம் ஊமைகளோ என்று நினைத்தேன். பிறகு நானும் அவர்களைப் போல ஆனேன். கல்யாணமான புதிதில் கோமதி அடுக்களையிலிருந்து பேசினால் எழுந்து போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிரியம் என்று அவள் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்குப் பேச்சு விளங்காது. அது மாமனாருக்குத் தெரியாது.

கூட்டத்தில்

முதலில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். அடுத்து வந்தவர்கள் சிரிக்கவில்லை. தண்ணீர் கைப்பிடிக் கம்பியைத் தொட்டு அடித்தது. அருவிச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் இடித்தது. ஒரு பெண் போலீஸ் என் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

“ஐயா, பின்னால போங்க. இங்க நிக்கக் கூடாது.”

“என் வீட்டுக்காரி உள்ள இருக்கா தாயி.”

“உள்ள யாரும் இல்லய்யா. எல்லாரையும் ஏத்தியாச்சு.”

எல்லாரையும் ஏற்றியாச்சு என்றால் கோமதி எங்கே? ஏற்றப்படாதவள் என்றால் வேறு எங்கே? அதற்கு மேல் நினைக்க மனம் ஓடவில்லை. இங்கனயே நில்லுங்க என்று சொன்னாளே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் என் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்துத்தான் என்னை மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

அப்போது ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளின் மேல் மழைக்கோட்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். முகம் தெரியவில்லை. நான் இடித்துக்கொண்டு போய், வெளியே நீட்டியிருந்த பாதங்களைப் பார்த்தேன்.

சின்னப் பாதங்கள். நகத்தில் சிவப்புச் சாயம். மெல்லிசாக ஒரு கொலுசு.

கோமதி இல்லை.

ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். யாரோ பெற்ற பிள்ளை அடிபட்டுப் போகிறது, எனக்கோ வந்த மூச்சு நிம்மதியாக வந்தது. ஸ்ட்ரெச்சர் போன பக்கம் திரும்பிப் பார்க்காமல் கோமதியைத் தேடி எதிர்ப்பக்கம் நடந்தேன்.

மைதீன்

பஜாரில் மைதீன் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். மில்லில் எனக்குப் பக்கத்து மெஷின்காரன். மில் மூடியதும் நான் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகப் போனேன், அவன் எண்ணெய்ச் சட்டியைப் பிடித்தான். அவனுக்கும் என்னைப் போலவே காது.

கடையை அடைத்துக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

“என்னலே?”

“கோமதியக் காணும்.”

“பதறாதலே. பொம்பளயெல்லாம் கோயில் பக்கமா ஏத்தி விட்டிருக்காங்கன்னு சொல்லுதாங்க. வா, பாப்போம்.”

கோயில் பக்கம் பார்த்தோம். உடை மாற்றும் அறைகளில் பார்த்தோம். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடைகளின் உள்ளே, மழைக்கு ஒதுங்கியவர்கள் நடுவில் பார்த்தோம். கோமதி கட்டியிருந்தது போல ஊதாச் சேலை கண்ணில் படும்போதெல்லாம் ஓடினேன். எல்லாம் வேறு முகங்கள். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள், திட்டினார்கள், வேனில் ஏறிப் போனார்கள். கூட்டம் குறையக் குறைய எனக்குப் பயம் ஏறியது. கூட்டம் இருக்கும்வரை அதற்குள் அவள் இருப்பாள் என்று ஒரு தைரியம் இருந்தது.

பைக்குள் கோமதியின் போன் அதிர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து மாலா. ஸ்பீக்கரைப் போட்டுக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அப்பாவா? அம்மா எங்க?”

“குளிச்சிட்டு சேல மாத்துதா.”

“குத்தாலத்துல தண்ணி வருதுன்னு டிவில காட்டுதாங்க. மேல ஏறிட்டியளா?”

“ஏறியாச்சு.”

“அம்மாட்ட குடுங்க.”

“வந்ததும் பேசச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டேன். மைதீன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றவள்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று குறுக்கே வருகிறது. அன்று சாரலில் நின்றபோதும் இதேதான் குறுக்கே வந்தது.

மாலா வயிற்றில் இருந்த சமயம். ஒரு மத்தியானம், ஷிப்டு மாறாத நேரத்தில் மில் சங்கு ஊதியது. நேரம் தப்பிச் சங்கு ஊதினால் உள்ளே ஏதோ விபரீதம் என்று சுற்று வட்டாரத்துக்கே தெரியும். பஞ்சு குடோனில் தீ. நாங்கள் எல்லோரும் மண்ணையும் தண்ணீரையும் வாரி இறைத்தோம். எரிகிற பஞ்சு மேலே தணிந்து, உள்ளே கனன்று, வேறொரு மூலையில் திரும்ப எழும். அதோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டினோம். பயப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. தீ அடங்கியதும் ஒருவர் முகத்துக் கரியைப் பார்த்து ஒருவர் சிரித்தோம்.

வெளியே மில் வாசலில் பெண்கள் கூட்டம். யாருக்கு என்ன ஆச்சு என்று சொல்ல ஆள் இல்லை. கோமதி நிறை வயிற்றோடு இலஞ்சியிலிருந்து நடந்தே வந்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லையாம். நான் கரி முகத்தோடு வெளியே வந்து, “பசிக்கி, வீட்ல என்ன இருக்கு?” என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தாள். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்குள் அடைத்துக் கிடந்த பஜாரில் நின்றபோது, அவள் பேசாமல் நடந்தது கோபத்தால் இல்லை என்று தெரிந்தது. எனக்கும் அப்போது வாயைத் திறந்தால் சத்தம் வந்திருக்காது.

நீலத் துண்டு

“தென்காசி ஆஸ்பத்திரியில ஒரு எட்டு பாத்துருவோம்” என்றான் மைதீன். அந்த வார்த்தையை நானாகச் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். கோமதியின் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கையிலேயே பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் மைதீன்தான் கேட்டான். “குத்தாலத்துல இருந்து பொம்பள யாரும் வந்திருக்காங்களாம்மா?”

“ஆமா, ஒருத்தங்க. உள்ள வலது பக்கம் கடைசிக் கட்டில்.”

அந்த வார்டு நீளமானது. நடக்க நடக்க கட்டில் தள்ளிப் போவது போல இருந்தது. கடைசிக் கட்டிலில் ஒரு சின்னப் பெண். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். விரல்களில் சிவப்புச் சாயம். அருவிக்கரையில் நான் பார்த்த அதே பாதங்கள்.

அவள் தோளைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட துண்டு. ஓரத்தில் கிழிந்த இடத்தில் மஞ்சள் நூலால் கோமதி போட்ட தையல்.

“இது யாரு துண்டு? இத வச்சிருந்தவ எங்க?” என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல, வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மிரண்டாள். ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்தேன், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தமிழ் இல்லை. துண்டைத் தொட்டுக் காட்டினேன். என் கையிலிருந்த செருப்பை அவள் பார்த்தாள்.

அவள் நெற்றியில் விரலால் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தாள். குங்குமம். பிறகு தலைக்குப் பின்னால் கையைச் சுழற்றிக் கொண்டை காட்டினாள். நான் தலையாட்டினேன். அடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடு ஒன்று தட்டித் துடைத்து, பெருவிரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

மைதீன் என் முழங்கையைப் பிடித்தான். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போயாச்சு. எங்கள் மில் சைகை.

“ஏ பிள்ளா, நீ மில்லுலயா வேல பாக்க?” என்று கேட்டான் மைதீன், ஒரு கையை உயர்த்தி, அறுந்த நூலை ஒட்டுவது போல விரல்களை உருட்டி. அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பெயர் சுனிதா. ஒடிசாக்காரி. இப்போது ஓடுகிற ஒரு மில்லில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நான் திரும்ப ஒருமுறை அதே சைகையைச் செய்து அவளைக் கேட்டேன். வீட்டுக்கா? அவள் மறுபடியும் பெருவிரலைக் காட்டி, ஸ்டியரிங் பிடிப்பது போலச் செய்து, “பஸ்” என்றாள்.

பக்கத்து வீட்டு நைட்டி

மைதீன் என்னை இலஞ்சியில் தெருமுனையில் இறக்கிவிட்டபோது விளக்குப் போடுகிற நேரம். எங்கள் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வாசற்படியில், பக்கத்து வீட்டுக்காரியின் பூப்போட்ட நைட்டியில், தலைமுடியை விரித்துப்போட்டுக்கொண்டு கோமதி உட்கார்ந்திருந்தாள். அவளை நான் நைட்டியில் பார்த்ததே கிடையாது.

“சாவிய வச்சுக்கிட்டு எங்க போனிய? ஈரச் சேலையோட எம்புட்டு நேரம் நிக்க?”

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் முழங்காலில் கையை வைத்தேன். தெருவில் ஆட்கள் போனார்கள். எடுக்கவில்லை.

அவள் சொன்னதை வைத்து நடந்ததைக் கோத்துக்கொண்டேன். தண்ணீர் நிறம் மாறியதும் பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சுனிதா பாறை இடுக்கில் காலை விட்டு விழுந்துவிட்டாள். கூட வந்த பெண்கள் கூட்டத்தில் தள்ளப்பட்டு எங்கோ போய்விட்டார்கள். கோமதி அவளைக் கம்பி வரைக்கும் இழுத்து வந்திருக்கிறாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் அந்தப் பெண் கோமதியின் கையை விடவில்லை. கோமதியும் ஆம்புலன்ஸ் வரைக்கும் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் நடந்தே போயிருக்கிறாள். காலைப் பார்த்து நான் மூச்சு விட்டபோது கோமதி தலைமாட்டில் நின்றிருக்கிறாள். கண்ணாடி இல்லாததால் அவளுக்கும் என்னைத் தெரியவில்லை.

“சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“சொல்லாமலா போவேன்? அங்க நின்ன பொம்பளப் போலீஸ் பிள்ளைட்ட ஒங்க பேரச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு மைக்குல சொல்லச் சொன்னேன்லா. அவ சொன்னா. நான் ஆம்புலன்ஸ்ல இருந்து கேட்டேன். ரெண்டு வாட்டி சொன்னா. ஒங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை, மைதீனுக்கும் கேட்கவில்லை. ஊருக்கே கேட்டிருக்கிறது.

“ஒங்க நம்பரு யாருக்குத் தெரியும்? எல்லாம் அந்தப் போனுக்குள்ளல்லா இருக்கு” என்றாள். ஹாஸ்டல் ஆட்கள் வந்து சேர்ந்ததும் கிளம்பியிருக்கிறாள். கையில் பைசா இல்லை, காலில் செருப்பும் இல்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்பதால் வீடு வந்து சேர்ந்தாள்.

“யாரோ எவரோ, அதுக்காக என்ன அங்கன விட்டுட்டு…” என்று ஆரம்பித்தேன்.

“யாரோவா? கையப் பிடிச்சுப் பாத்தேன். விரல்ல நூல் அறுத்த கோடு. மில்லுல வேல பாக்குத பிள்ள. அதுக்கு இங்க யாரு இருக்கா?”

போனை எடுத்து மாலாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். “சேல மாத்த இம்புட்டு நேரமாம்மா?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு

சுனிதாவை ஹாஸ்டலுக்கே அனுப்பிவிட்டார்கள். காலில் மாவுக்கட்டு. சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று கேள்விப்பட்டு, கோமதி பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்து அடிக்கடி எடுத்துக்கொண்டு போகிறாள். அவர்களுக்குள் என்ன மொழியில் பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒடிசாவிலிருக்கும் அந்தப் பெண்ணின் அம்மா வீடியோவில் வருகிறாளாம். அவளிடமும் கோமதி தமிழில்தான் பேசுகிறாளாம்.

எனக்குத்தான் சரியில்லை. அவள் பையை எடுத்தாலே எப்போது திரும்புவாள் என்று கேட்கிறேன். மேற்கே மேகம் கறுத்தால் இரண்டு தடவை கேட்கிறேன். ஒரு தாளில் என் நம்பரைப் பெரிதாக எழுதி அவள் பையில் வைத்தேன். காது மெஷினைக் குளிக்கும் நேரம் தவிர கழற்றுவதில்லை. அவள் போய்ப் பத்து நிமிஷம் ஆனதும் வெளிவாசலுக்கு வந்துவிடுகிறேன். பஸ் வந்து, அவள் இறங்காமல் போனால் அடுத்த பஸ் வரைக்கும் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு இது வேடிக்கையாகிவிட்டது.

போன வாரம் ஒரு நாள் அவள் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். “இப்படிப் பயந்துக்கிட்டு வாசல்ல நிக்கது எனக்குப் பழகிருமா?”

சோற்று வாளியை மூடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என் முகத்துக்கு நேராக, உதடு தெரியும்படி நின்று சொன்னாள்.

“எனக்கு மில்லு மூடுத வரைக்கும் பழகல.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மில் மூடிய அன்றைக்கு நடந்ததில் ஒன்றைப் போன வாரம் எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று மத்தியானம் எங்கள் தெருவில் மில்காரர்கள் வீடுகள் எல்லாம் துக்க வீடு மாதிரிக் கிடந்தன. பெண்கள் வாசலில் கூடி அழுதார்கள். கோமதி மட்டும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பாயை விரித்து, முந்தானையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.